மீனுக்குப் போட்ட குப்பூஸ்

ராஸ் அல் கைமா, 2006

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமன் இங்கே ராஜாவாட்டம் இருக்கிறேன். தோட்டத்துத் தொட்டிகளில் வளரும் லட்சம் ஜிலேபி மீனும் நான் விசிலடித்தால் வரிசையில் வந்து நிற்கும்.

நம் ஊர் தெப்பக்குளத்தில் மீனுக்குப் பொரி போடுவோமே, அந்த நினைப்பில் ஒருநாள் மீந்துபோன குப்பூஸ் ரொட்டியைப் பிய்த்துப் போட்டேன். மீன்கள் துள்ளிய துள்ளலில் அரபி முதலாளி சொக்கிப்போனார். அன்றிலிருந்து தினமும் விருந்தாளிகள், தினமும் குப்பூஸ். அவர்கள் தொட்டுப் பார்க்க வலையில் மீனைத் தூக்கிக் காட்டுவதும் நான்தான்.

இப்போது மீன்கள் வயிறு உப்பி, கறுத்து, செத்து மிதக்கின்றன. யாழ்ப்பாணத்து மீன் டாக்டர் ஒன்றை அறுத்துப் பார்த்தார். ஈரல் வெளுத்துக் கொழுத்திருந்தது.

"அண்ணை, ரொட்டி மீனுக்குச் சாப்பாடே? அதோட வலையப் போட்டு வெருட்டுறியள். பயந்த மீனுக்குக் கெதியா வருத்தம் பிடிக்கும்" என்றார். அவர் ஊர்ப் பேச்சில் கெதியா என்றால் சீக்கிரம், வருத்தம் என்றால் நோய். நானும் அதையேதான் நினைத்தேன் என்று சொல்லிவிட்டேன்.

குப்பூஸை நிறுத்தியாயிற்று. வலையைப் பற்றி முதலாளியிடம் பேச வேண்டும். மாமனுக்கு என்ன பயம்? இன்றைக்கே பேசுவேன்.

உன் விசாவா? என் பேச்சை முதலாளி தட்டவே மாட்டார். ஆனாலும் மில் வேலையை இப்போதைக்கு விட்டுவிடாதே. உன் அம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

வாசலில் முதலாளியின் வண்டிச் சத்தம் கேட்கிறது. மீன்களெல்லாம் மூலைக்குப் போய்விட்டன. எனக்கும் காலையிலிருந்து சோறு இறங்கவில்லை. வெயில்தான், வேறொன்றுமில்லை.

உன் தாய்மாமன்