மிலிட்டரி பாஸ்வேர்டு

4 செப்டம்பர் 2007, செவ்வாய்

அங்கிள் சாப்பிடப் போனதும் இரண்டு கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டு சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். வைஃபை பெட்டியின் பச்சை விளக்கு மட்டும் விடாமல் மினுக்கிக்கொண்டிருந்தது. அவர் லேப்டாப்பும் மூடித்தான் இருந்தது. அப்புறம் யாருக்காக?

ஜோதிலிங்கம் அங்கிள் திரும்பி வந்ததும் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் குரல் தெருவுக்கே கேட்டது. "லைட்டுன்னா மினுங்கத்தாம்ட்டி செய்யும்!"

ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்தவராம். தலைநகருக்கு வந்து முனிர்காவில் ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் கடை போட்டு உட்கார்ந்த பிறகும் அந்தப் பெருமை தீரவில்லை.

7, வெள்ளி

தட்கல் திறக்கும் நேரத்தில் நெட் ஊர்ந்தது. சென்னைக்கு ஒரு டிக்கெட்கூடக் கிடைக்கவில்லை. பெஞ்சில் காத்திருந்த ஒரு அம்மா எழுந்து எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

நெட் போட்டுக் கொடுத்தவன் அங்கிளின் அக்கா மகன் இளஞ்செழியன். நகரின் மறுகோடியில் துவாரகாவில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே தீர்ப்புச் சொன்னான். "மாமா, மாச லிமிட் தீரப்போவுது. யாரோ படம் இறக்குறாங்க. உங்க ஸ்டாஃபைக் கவனிங்க."

ஸ்டாஃப் என்றால் நான். வேறு யார் இருக்கிறார்கள்?

"என்னட்டி, நீதான் இறக்குதியா?"

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். சிக்னல் பிரிவு!

9, ஞாயிறு

அம்மா வரைக்கும் செய்தி போய்விட்டது. "அவரு நிறுத்திட்டா மறுபடியும் மந்திர் மார்க் ஸ்கூல்தான். போய் ஒம்பதாவதுல உக்காரு."

என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு. எழுந்து நின்று சத்தமாகப் படி என்பார்கள். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். மாட்டேன் — செத்தாலும் மாட்டேன்.

11, செவ்வாய்

பாஸ்வேர்டு வெளியில் யாருக்காவது தெரிந்திருக்குமோ என்று கேட்டேன். அங்கிள் வயிறு குலுங்கச் சிரித்தார். "முருகன்னு தமிழ்ப் பேருல்லா வச்சிருக்கேன்! இந்திக்காரப் பய ஒருத்தனாலயும் கண்டுபிடிக்க முடியாது. மிலிட்டரி மூளைட்டி!"

கடையின் பெயர் வேலவன் டிராவல்ஸ். போர்டில் ஆளுயரத்துக்கு வேல். மாடி அறைகளில் இருப்பவர்களோ ஐ.ஏ.எஸ்.ஸுக்குப் படிக்க வந்த தமிழ்ப் பையன்கள். படிக்கிற சத்தம் ஒருநாளும் கேட்டதில்லை. நாள் முழுக்கத் தமிழ்ப்பட வசனம்தான் கேட்கிறது.

சொல்லலாமா? சொன்னால் மட்டும் நம்பிவிடுவாரா?

13, வியாழன்

லிமிட் தீர்ந்தேவிட்டது. "இனிமே எவளும் நெட் பாக்க வேண்டாம்" என்று அங்கிள் வயரைப் பிடுங்கி எறிந்தார். "நாளைக்கு வராதட்டி."

பையை எடுத்துக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் செருப்புச் சத்தம். மாடி அறை ஜெயசீலன், கைலியோடு வந்து கதவருகே நின்றான்.

"சிஸ்டர், நெட் கட்டாயிடுச்சா? படம் பாதியில நிக்குது. எப்ப வரும்?"

குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வீட்டுக்காரரிடம் கேட்பதுபோல! கொஞ்சமாவது வெட்கம்? நாளைக்கு இவன் கலெக்டராகி ஒரு ஜில்லாவை ஆளப்போகிறானாம்.

உள்ளே போனில் இருந்த அங்கிளைப் பார்த்துக் கத்தினேன். ஆமாம், நான்தான் கத்தினேன்.

"அங்கிள்! இவங்களுக்கு நம்ம நெட் வரலையாம்! ஏன்னு கேக்குறாங்க!"

அங்கிள் போனோடு ஓடி வந்தார். "ஏல, பாஸ்வேர்டு ஒனக்கு எவம்ல சொன்னான்?"

"யாரும் சொல்லல அங்கிள். போர்டுல வேல் இருக்குல்ல... முருகன்னு போட்டுப் பாத்தேன். திறந்துக்கிச்சு."

அங்கிள் என்னைப் பார்க்கவில்லை. போர்டு இருந்த பக்கமும் பார்க்கவில்லை.

14, வெள்ளி

மன்னிப்பா? அவரா? காலையில் போன் வந்தது. "எங்கட்டி இருக்க? ஜல்தி வா, தட்கலுக்கு ஆள் நிக்கி." அவ்வளவுதான். பெரிய மனசு.

போனேன். லிமிட்டுக்கு மேல் பணம் கட்டி, வயரைத் திரும்பச் செருகியிருந்தார். கூட்டம் குறைந்ததும், இளஞ்செழியன் போனில் சொல்லச் சொல்ல, பாஸ்வேர்டு மாற்றும் பக்கத்தைத் திறந்தேன். அங்கிள் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார். ரகசியம் சொல்கிறாராம்.

"கார்த்திகேயன்னு போடு. இத எவன் கண்டுபிடிப்பான்?"

"சரி அங்கிள்" என்றேன். வேறொன்றைத் தட்டினேன்.