சவப்பெட்டி மூடியில் அரசரின் அம்புக்குறி

அனுப்புநர்:
ஜேபெஸ் டர்ஜின்,
தச்சர், விவசாயி,
ஹாலோஃபீல்ட்,
நியூ ஹாம்ப்ஷயர் மாகாணம்.

பெறுநர்:
மேன்மை தங்கிய மாகாண ஆளுநர் அவர்கள்,
போர்ட்ஸ்மவுத்.

பொருள்: கைப்பற்றப்பட்ட என் மனைவியின் சவப்பெட்டியை விடுவித்து, அடக்கம் செய்ய அனுமதி கோருதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து நான் அனுப்பிய இரு மனுக்கள். இரண்டும் முத்திரை உடைக்கப்படாமலே திரும்பி வந்தன.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி மெஹிட்டபெல் கடந்த ஜனவரி 28ஆம் நாள் பிரசவத்தில் இறந்தாள். குழந்தையும் பிழைக்கவில்லை. அந்த மாதத்தில் பனியில் உறைந்து கிடக்கும் எங்கள் மண்ணில் கடப்பாரை இறங்காது. ஆகவே வழக்கம்போல் பெட்டியைக் கொட்டகையில் வைத்து, மண் இளகக் காத்திருந்தோம்.

2. அரசரின் கப்பல்களுக்குப் பாய்மரம் வேண்டும் என்பதற்காக, இரண்டடிக்கு மேல் குறுக்களவுள்ள பைன் மரமெல்லாம் அவருக்கே சொந்தம் என்பது சட்டம். அதை இயற்றிய, கடலுக்கு அப்பாலுள்ள பார்லிமெண்டில் எங்களுக்காகப் பேச ஓர் ஆள் கிடையாது. இருந்தும் பத்தொன்பது ஆண்டுகளாக நான் எந்தப் பலகையையும் இருபத்து மூன்று அங்குல அகலத்துக்கு மேல் அறுத்ததில்லை. வீட்டுத் தரை, சாப்பாட்டு மேசை, பிரார்த்தனைக் கூடத்துக் கதவு எல்லாம் அப்படித்தான். ஒரே ஒருமுறை மீறினேன். தாயின் கைவளைவில் குழந்தையைக் கிடத்தியபோது பெட்டி அகலமாக வேண்டியிருந்தது. மூடியில் ஒட்டுப் போட்டால் இடுக்கு வழியே மண் அவர்கள் முகத்தில் விழுமே என்று மனம் கேட்கவில்லை. என் நிலத்தில் காற்றுக்குச் சாய்ந்து கிடந்த மரத்திலிருந்து இருபத்தேழு அங்குலத்தில் ஒரே பலகை அறுத்தேன். குற்றம் அதுதான். நான் மறைக்கவில்லை.

3. பிப்ரவரி 14 அன்று அரச வனங்களின் துணை அளவர் திரு. பிரின்டில் வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றாமல் பெட்டிமேல் அளவுகோலை வைத்தார். பிறகு கைக்கோடரியால் மூன்று வெட்டு வெட்டி, மூடியில் அரசரின் உடைமை என்று காட்டும் அம்புக்குறியைப் பொறித்தார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொன்னேன். "பலகை ராஜாவோடது. உள்ள இருக்கறது உன்னோடது. வேணும்னா அதை வெளிய எடுத்து வச்சுக்கய்யா" என்றார். அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். மனுவில் எழுதத் தகாத சொல் ஒன்று வாயில் வருகிறது, விழுங்கிக்கொள்கிறேன்.

4. தீர்ப்பு வரும்வரை பெட்டியைத் தொடக்கூடாது என்று தடை. வழக்கு எங்கள் ஊர் ஜூரி முன் வராதாம். கடல் வழக்குகளைக் கேட்கும் நீதிபதி ஒருவரே முடிவு செய்வாராம். என் மனைவி கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. வேறெங்காவது முறையிடலாம் என்றால், எங்கள் மாகாண சபையும் கலைக்கப்பட்டுவிட்டது.

5. பக்கத்துப் பண்ணைக்காரர் ஓபெட் ஸ்டிக்னி மார்ச்சிலேயே சொன்னார்: "மனு எழுதி எழுதி உன் விரல்தான் தேயும் ஜேபெஸ். மண்ணு இளகுனதும் பெட்டியத் தூக்கு, நாங்க இருக்கோம்." "ராஜா நமக்குத் தகப்பன் மாதிரிப்பா, இது அவர் காதுக்குப் போயிருக்காது" என்று சொல்லி நான்தான் தடுத்தேன். இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஐயா, பனி உருகிப் பத்து நாளாகிறது. கொட்டகையில் ஈ வந்துவிட்டது. அதற்குமேல் எழுத என்னால் ஆகவில்லை. என் ஆறு வயது மகள் பேஷன்ஸ் மூடியிலுள்ள வெட்டை விரலால் தடவிப் பார்த்து, "அம்மா இனிமே ராஜாவுக்குத்தானாப்பா?" என்று கேட்டாள். இதற்குப் பதில் தங்களுக்குத் தெரிந்தால் எழுதி அனுப்பவும்.

ஆகவே, இம்மனு கண்டவுடன் தடையை நீக்கி உத்தரவிட வேண்டுகிறேன். உத்தரவு வராவிட்டாலும் வருகிற புதன்கிழமை காலை அடக்கம் நடக்கும். அம்புக்குறியைச் செதுக்கி எடுக்க மாட்டேன். அதுவும் சேர்ந்து மண்ணுக்குள் போகட்டும். பெட்டி தூக்க ஊரிலிருந்து நாற்பது பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தூக்க ஆறு பேர் போதும். மற்றவர்கள் கையில் என்ன கொண்டுவருவார்கள் என்று நான் கேட்கவில்லை.

முந்தைய இரு மனுக்களின் கீழும் 'அரசரின் விசுவாசமுள்ள பிரஜை' என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தேன். இதில் பெயர் மட்டும் போதும்.

இடம்: ஹாலோஃபீல்ட்
நாள்: 17 ஏப்ரல் 1775

ஜேபெஸ் டர்ஜின்