உன்னை எங்கே வைப்பது என்று கேட்டார்கள்

இன்று காலை சிவாஜிநகருக்கு லைனிங் துணி வாங்கப் போயிருந்தேன். முகூர்த்த நாட்கள் வருகின்றன, தைக்க வேண்டிய பிளவுஸ்கள் கடையில் மலையாகக் கிடக்கின்றன. வழக்கமான பாய் கடையில் புதிதாக வந்த வெள்ளை லாங்கிளாத் துணிக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கஞ்சி வாடை மூக்கில் ஏறியதும் என்ன வாங்க வந்தேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. எவ்வளவு வேண்டும் என்று "கித்தா ஹோனா மா?" என்று பாய் கேட்டுக்கொண்டே இருந்தார். பின்னால் நின்ற பெண் பொறுமை இழந்து, "ஸ்வல்ப சைடுகெ பன்னி அக்கா" என்று கன்னடத்தில் சொல்லி என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் போனாள். நான் லைனிங் வாங்காமலே பஸ் ஏறிவிட்டேன்.

நீ கடைசியாக ஊருக்கு வந்தபோது உன்னை அடக்கும்போது சுற்ற வேண்டிய கபன் துணியை வாங்கியது அதே கடையில்தான். தையல்காரியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஊசியே படக்கூடாத துணியை வாங்கியவள் உலகத்தில் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். துணியை விரலால் தேய்த்துப் பார்த்து, "ஒரு தண்ணி பட்டா மெத்துனு ஆயிடும்ல கலா?" என்று என்னிடமே கேட்டாய். எனக்கு வந்த கோபத்தில் நான் கடை வாசலுக்கு வந்துவிட்டேன். அந்தக் கோபம் எதனால் என்று உனக்கு நன்றாகத் தெரியும். பெங்களூரில் வாங்கிய துணியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு நீ ஜெர்மனிக்குப் போகிறாய் என்றால், திரும்பி வரப்போவதில்லை என்று அர்த்தம்.

ஆஸ்டின் டவுனில் நம் இரண்டு வீடுகளும் ஒரே சந்தில் இருந்தன. உங்களுடையது எப்போதும் லீஸ் வீடுதான். சில வருஷத்துக்கு ஒருமுறை வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார், உன் அப்பா, நீ அத்தா என்று கூப்பிடுகிறவர், அதே சந்திலேயே இன்னொரு வீடு பார்ப்பார், நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்போம். பள்ளியில் பேச்சுப் போட்டி என்றால் எழுதுவது நான், பேசுவது நீ. பரிசு உனக்கு, பரிசாக வந்த டிபன் பாக்ஸ் மட்டும் எனக்கு. பிறகு உனக்கு வாணியம்பாடிப் பக்கத்து மாப்பிள்ளை வந்தார். தோல் தரம் பார்க்கிற வேலை. ஜெர்மனியில் செருப்புக்குப் பேர்போன ஒரு சின்ன ஊரில் அவருக்கு வேலை கிடைக்க, நீயும் போனாய். போய் இறங்கிய வாரமே போனில், "ஞாயித்துக்கிழமை இங்க ஒரு கடை தொறக்கல கலா, ஊரே செத்துக் கிடக்குது" என்று புலம்பினாய்.

அந்த ஊரில் உன் வீட்டுக்காரர் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த ஊர்க் கல்லறைத் தோட்டம் தெரியும் என்பாயே, அங்கே அவரை வைக்க வழியில்லை என்று நகராட்சியில் சொல்லிவிட்டார்கள். பெட்டியில்லாமல் துணியோடு வைக்க அனுமதி இல்லை, மக்கா திசையில் கிப்லாவைப் பார்த்துக் கிடத்த வரிசையில் இடமில்லை. யாரும் கடுமையாகப் பேசவில்லை, வருத்தம்தான் தெரிவித்தார்கள் என்று நீயே சொன்னாய். இப்படி ஒருத்தர் வந்து கேட்பார் என்று அவர்கள் யோசித்ததே இல்லை, அவ்வளவுதான். கடைசியில் அவர் சரக்கு விமானத்தில் பெங்களூருக்கு வந்து சேர்ந்தார்.

அன்றைக்கு கபர்ஸ்தான் வாசலில் நீயும் நானும் உன் மகளும் நின்றது எனக்கு நேற்று போல இருக்கிறது. ஆண்கள் உள்ளே போய்விட்டார்கள். பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளை, தன் அரைகுறைத் தமிழில், "அத்தாவ எங்க வெக்கறாங்கன்னு நான் பாக்கக் கூடாதா?" என்று கேட்டாள். நீ அவள் முக்காட்டை இழுத்துவிட்டாய். எங்கள் பக்கத்திலும் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை, அதனால் எனக்கும் வாயைத் திறக்க யோக்கியதை இல்லை. பக்கத்தில் கரும்பு ஜூஸ் வண்டிக்காரன் மணியை ஆட்டிக்கொண்டே இருந்தான். அவனைப் போய்த் திட்டிவிட்டு வந்தேன், அதுதான் அன்றைக்கு என்னால் ஆனது.

திரும்பிப் போனதும் நீ சும்மா இருக்கவில்லை. "அவ இங்க, அவங்க அத்தா அங்க. நாளைக்கு நான் போனாலும் இதே கதைதான். இத இப்படியே விடக் கூடாது" என்றாய். முதலில் அந்த ஊர்த் துருக்கிக் குடும்பங்களின் பெரியவர்களிடம் போய் நின்றாய். அவர்கள் உன்னை உட்காரவைத்து டீ கொடுத்து, நமக்கு எதற்கம்மா வம்பு, நம் ஆட்களை ஊருக்கு அனுப்பச் சங்கம் இருக்கிறது, நகராட்சிக்காரர்களிடம் போய் எதையும் கேட்டு நிற்காதே என்று அனுப்பிவிட்டார்கள். மறுத்தது வெள்ளைக்காரர்கள் மட்டும் இல்லை என்று அன்றைக்குச் சிரித்தாய். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் அழுகையும் இருந்தது.

அந்த ஊர் மன்றக் கூட்டம் தொடங்கும் முன் ஊரில் குடியிருக்கிற யார் வேண்டுமானாலும் எழுந்து ஒரு கேள்வி கேட்கலாமாம். அதைக் கேள்விப்பட்டு எனக்குப் போன் செய்தாய். பழைய வழக்கப்படி நான் எழுதினேன், நீ அதை ஜெர்மனில் மாற்றிக்கொண்டாய். இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரே மேடை நம் பள்ளிப் பேச்சுப் போட்டி மேடைதான். எனவே பெருமதிப்பிற்குரிய மேயர் அவர்களே என்று தொடங்கி, மன்ற உறுப்பினர்களே, கல்லறைத் தோட்டத்தைக் கண்ணும் கருத்துமாகக் காத்துவரும் தோட்டக்காரர்களே, பத்திரிகை நண்பர்களே, எனக்கு முன் கேள்வி கேட்டு அமர்ந்த சகோதரரே என்று ஒருவரையும் விடாமல் வணங்கி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு அவையடக்கம் வேறு.

"பேப்பர் கத்தையா இருந்துச்சு கலா. நான் இன்னும் தோட்டக்காரருக்கே வணக்கம் சொல்லி முடிக்கல. மேயர் வாட்ச்ச பாத்துட்டு, மேடம், உங்க கேள்வி என்னன்னு கேட்டுட்டாரு" என்று அன்றிரவு நீ சொன்னபோது எனக்கு மானம் போயிற்று. மண்டபத்தில் சிலர் சிரித்தார்களாம். நீ கத்தையைக் கீழே வைத்துவிட்டு, "நான் செத்தா என்னை எங்க வெப்பீங்க?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாய். சிரிப்பு நின்றுபோனது.  மேயர், இதற்கு இன்றைக்கு என்னிடம் பதில் இல்லை, தேடித் தருகிறேன் என்றார். மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் உன் கேள்வி வந்தது. நான் எழுதிக் கொடுத்ததில் ஒரு வரிகூட அதில் இல்லை.

பதில் தேடுகிற வேலை ஊர்ப் பொது இடங்களைக் கவனிக்கும் குழுவுக்குப் போக, அதில் உன்னையே ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஓட்டு கிடையாது, பேசலாம். கபர்ஸ்தான் கேட்கப் போனவள் பஸ் நிறுத்தத்துக்குக் கூரை, பூங்காவில் நாய் அசிங்கம் செய்வது, விளையாட்டு மைதானத்து மணல் என்று எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்லவேண்டி வந்தது. நாய் விஷயத்தில் மட்டும் அங்கே ஆளாளுக்குச் சண்டை என்று சொன்னாய். "நம்ம ஊர் கார்ப்பரேஷன்ல வார்டு மீட்டிங் நடந்தா நீ போயிருக்கியாடி?" என்று என்னைக் கேட்டாய். நான் போனதில்லை. குப்பை வண்டி வராவிட்டால் வாசலில் நின்று சத்தம் போடுவதோடு என் பொதுவாழ்வு முடிந்துவிடும்.

மழை நாள், பனி நாள் பார்க்காமல் நீ அந்தக் கூட்டங்களுக்குப் போனாய். தலையில் முக்காட்டோடு ஒரு பெண் கல்லறையைப் பற்றிப் பேசுவதா என்று முறைத்தவர்களும் இருந்தார்கள், கூட்டம் முடிந்ததும் வண்டியில் ஏற்றி வீட்டில் விட்டவர்களும் இருந்தார்கள். இரண்டையும் நீ ஒரே குரலில்தான் சொல்வாய். கடைசியில் சுவரோரம் ஒரு மூலையை ஒதுக்கினார்கள். பெட்டி வேண்டாம் என்பதையும் ஒப்புக்கொண்டார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அங்கே எந்தக் கல்லறையும் குத்தகைதான். வருஷக்கணக்கு முடிந்தால் குடும்பத்தார் வந்து புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் இன்னொருவருக்குப் போய்விடும். அன்றைக்குக் கூட்டத்துக்கு வந்திருந்த துருக்கிப் பெரியவர்கள் இதைக் கேட்டு, அடக்கிய உடலைக் கிளறக் கூடாது, இது ஆகாது என்று எழுந்து போய்விட்டார்கள். நீ என்னிடம், "என்ன கலா, பொறந்ததுலேந்து லீஸ் வீடுதானே. இதுவும் லீஸ்ல இருந்துட்டுப் போறேன்" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். சாவை வைத்து நீ செய்கிற கேலி எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை.

உன் மகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு உனக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. கொஞ்சம் தேறியிருந்த சமயத்தில்தான் அந்தக் கடைசிப் பயணம். துணி வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வரும்போது என்னால் அடக்க முடியவில்லை. "உன் வீட்டுக்காரர் இங்க இருக்காரு. அவர் பக்கத்துல இருக்கணும்னு உனக்கு ஆசையே இல்லையா?" என்று கேட்டேன்.

"ஆசை இல்லாம இருக்குமாடி?" என்றாய். "ஆனா என் பொண்ணுக்கு அந்த ஊர்தான். வேலை அங்க, நாளைக்குக் குடும்பம் அங்க. அவங்க அத்தாவ பாக்க அவ ஃபிளைட் புடிச்சு வந்து வாசல்ல நிக்கறா. என்னைப் பாக்க அவ சைக்கிள்ல வரணும். வந்து கிட்ட உக்காரணும். நான் அந்த மூலையைக் கேட்டு வாங்கினதே அதுக்குத்தான்."

அப்போது நான், "நாங்க யாரு வந்து பாக்கறது?" என்று கேட்க வாயெடுத்தேன். நீ ஆட்டோக்காரரிடம் கன்னடத்தில் வழி சொல்ல ஆரம்பித்துவிட்டாய். வேண்டுமென்றே செய்தாய் என்று எனக்குத் தெரியும்.

நீ போன செய்தி வந்த அன்றே உன் அண்ணன் என் கடைக்கு வந்தார். கஸ்டமர் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. உன் வீட்டுக்காரர் பக்கத்தில் இடம் பேசிவிட்டதாகவும், உன்னைக் கொண்டுவர எல்லா ஏற்பாடும் செய்துகொண்டிருப்பதாகவும், உன் மகள் மட்டும் அம்மாவை அங்கேயே அடக்க வேண்டும் என்று அடம்பிடிப்பதாகவும் சொன்னார்.

"பள்ளிவாசல் ஹஜ்ரத்கிட்ட கேட்டேன். மௌத்தான ஊர்லயே சீக்கிரம் அடக்கறதுதான் நல்லதுங்கறாரு. எனக்குத்தான் மனசு கேக்கல. சின்னப் பொண்ணு, தனக்கு வசதின்னு சொல்லுதோ என்னமோ. தங்கச்சி உன்கிட்டதாம்மா எல்லாத்தையும் பேசும். உன்கிட்ட ஏதாச்சும் சொல்லுச்சா? நீ என்ன சொல்றியோ அப்படியே செஞ்சிடறேன், கலா."

ஒன்றும் சொல்லவில்லை அண்ணா என்று ஒரு வார்த்தை போதும், நீ இங்கே வந்திருப்பாய். மெஷின் முன்னால் உட்கார்ந்தபடி நான் அதை யோசித்தேன், மறைக்க என்ன இருக்கிறது. இங்கே வந்திருந்தால் வாரம் ஒருமுறை வாசல் வரையாவது வந்து, உள்ளே உன் பக்கம் பார்த்து நின்று, என் மருமகளைப் பற்றிக் குறை சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அவ்வளவு ஆசையாக இருந்தது. பக்கத்துக் கடை ரேடியோவில் யாரோ கன்னடத்தில் விலை விவரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். உன் அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கதான்னு சொன்னா அண்ணா. துணிகூட என்னை வெச்சுதான் வாங்கிட்டுப் போனா" என்றேன்.

 "இத ஏம்மா என்கிட்ட அப்பவே சொல்லல?" என்று கேட்டார். சொல்லக் கூடாது என்று நீ என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கவில்லை. ஆனாலும் எப்படிச் சொல்வது? வரவழைத்த டீயைத் தொடாமல் எழுந்து போனார். உன் மகளுக்குப் போன் செய்து, உங்கம்மா சொன்னபடி செய் என்று மட்டும் சொன்னாராம். அந்த மூலையில் முதல் ஆளாக நீ போனாய். ஒருமுறை ஆகாது என்று எழுந்து போன துருக்கிப் பெரியவர்கள்தான் உனக்குத் தொழுகை நடத்தி, உன்னைத் தூக்கிக்கொண்டும் போனார்கள் என்று உன் மகள் சொன்னாள். அவளும் உள்ளே போனாள். கைநிறைய மண் அள்ளிப் போட்டாளாம்.

உன் அண்ணன் அதற்குப் பிறகு சந்தில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரம்ஜானுக்கு அவர் வீட்டு நோன்புக் கஞ்சி வரவில்லை. எத்தனையோ வருஷத்தில் அது வராமல் போனது அந்த முறைதான். எனக்கு வலித்தது. ஆனால் கோபம் வரவில்லை. அவருக்கு வேறு யார்மேல் கோபப்பட முடியும்?

போன மாதம் அவர் விசா கிடைத்து உன்னைப் பார்க்கப் போனார். அங்கிருந்து, உன் மகளின் போனில், என்னைக் கூப்பிட்டார். முதலில் கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம்தான் கேட்டது.

"கலா, நான் தங்கச்சி பக்கத்துல நிக்கறேம்மா. இங்க ஒரு கெழவி, அவங்க வீட்டுக்காரர் கல்லறைக்குப் பூச்செடி வெச்சிட்டு இருந்தாங்க. நீங்க யாரு, எந்த ஊருன்னு என்னைக் கேட்டாங்க. பாப்பாதான் அத எனக்குத் தமிழ்ல சொல்லுச்சு. பெங்களூரு, தங்கச்சிய பாக்க வந்திருக்கேன்னு சொன்னேன். அதுக்கு அவங்க, ஓ, அவங்களா, அவங்க எங்க ஊர்க்காரங்களாச்சே, நீங்கதான் ரொம்ப தூரத்துலேந்து வந்திருக்கீங்கன்னு எனக்கு ஆறுதல் சொல்றாங்க கலா." அவர் அழுதார். பிறகு, "நீ சொன்னது சரிதாம்மா" என்றார். உன் மகள் போனை வாங்கி, "மாமா சரியாயிடுவாரு ஆன்ட்டி, நான் பாத்துக்கறேன்" என்றாள். குரல் அச்சு அசல் உன்னுடையது.

எனக்கு அங்கே வர வசதி இல்லை, முழங்காலும் இடம் கொடுக்காது. உன்னை நினைத்துக்கொண்டு போய் நிற்க இந்த ஊரில் எனக்கு ஓர் இடம் இல்லை. இருந்திருக்கக்கூடிய ஓர் இடத்தை நானே என் வாயால் விட்டுக்கொடுத்தேன். அதைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறேன், அது லேசாகவும் இல்லை. இருந்தாலும் நாளைக்கு உன் அண்ணன் மறுபடி வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, உன்னை எங்கே வைப்பது என்று கேட்டால், அதையேதான் சொல்வேன்.