கேக் எடுத்து வை

12 ஜூன் 2007, செவ்வாய்

பானு போன் செய்தாள். என் மகள் ஷஹனாஸோடு படித்தவள், செவ்வாப்பேட்டைக்காரி.

“அங்கிள், ஷானுகிட்டேர்ந்து சாராளுக்கு மெயில் வந்துக்குது. அழுவுறா. எப்டியாச்சும் நிறுத்துங்க. அடுத்த மாசம் எனக்கும் வரும். பயமாக்கீது.”

மகள் மார்ச்சில் போய்விட்டாள். மூளைக்காய்ச்சல். தோழிகளுக்காக அவள் செய்த வெப்சைட்டுக்கு அது தெரியாது. யாருக்குப் பிறந்தநாளோ அன்றைக்கு அவள் எழுதி வைத்த வாழ்த்து தானாகக் கிளம்பிப் போகிறது: ‘கிழவி, ஒரு வயசு ஏறிடுச்சு. கேக் எடுத்து வை, வரேன். – ஷானு.’

வரேன்னா? எப்டிம்மா வருவே?

13 ஜூன்

பத்தாவது பாஸ், கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். நட்டு போல்ட்டு கேட்டால் இருட்டிலும் எடுத்துத் தருவேன். அந்தத் தைரியத்தில் வெப்சைட்டுக்குள் கை வைத்தேன். பக்கம் வெள்ளையாகிவிட்டது. போட்டோ இல்லை, எழுத்து இல்லை.

“அவ இருக்கிற எடம் அது ஒண்ணுதான். அதையும் அழிச்சிட்டீங்களா?” என்றாள் என் மனைவி சாலிஹா. புதுவாயல் பிரவுசிங் சென்டர் பரணிதரன் சரிசெய்து கொடுத்த பிறகும் அவள் சாப்பிடவில்லை.

17 ஜூன், ஞாயிறு

“ஓடுற லாரிக்கு அடியில படுத்துக்கினு ரிப்பேர் பண்ணுவீங்களா பாய்?” என்றார் பரணி. “அதே மாதிரி இன்னொண்ணு உங்க ஊட்டு கம்ப்யூட்டர்ல போட்டுத் தரேன். அதுல இன்னா வேணா ஒடைங்க. யாருக்கும் தெரியாது. எல்லாம் சரியா வந்தா அப்பறம் நெஜத்துல மாத்துவோம்.”

போட்டுத் தந்துவிட்டார். இப்போது இரண்டு இருக்கின்றன. இரண்டிலும் அதே தெத்துப்பல் சிரிப்பு. நகல் என்று சொன்னேன். “இவளைப் பாத்தா நகலாட்டமா இருக்குது?” என்கிறாள் சாலிஹா.

20 ஜூன்

வாழ்த்து போவதைப் பார்த்தால்தானே நிற்பதைப் பார்க்க முடியும்? நகலில் சோதித்தேன். கம்ப்யூட்டர் தேதியைப் பிறந்தநாள் பிறந்தநாளாக நகர்த்தினேன். ‘அனுப்பப்பட்டது.’ இன்னொன்று. ‘அனுப்பப்பட்டது.’ கைதட்டாத குறை. பானுவின் ஜூலையை மட்டும் தாண்டிவிட்டேன். பயந்த பெண். நகலில்கூட மனசு வரவில்லை.

21 ஜூன்

ஐயோ.

காலையிலிருந்து போன். “அங்கிள், எனக்கு டிசம்பர்லதான்! இப்பவே வரேங்கிறா!” – கிரேஸ். பிறகு இன்னொருத்தி, இன்னொருத்தி.

பரணி தலையில் அடித்துக்கொண்டார். “மெயில் பாஸ்வேர்டும் நகலோட வந்துக்குது பாய். நெட் ஒயரைப் புடுங்குங்கன்னு சொல்ல மறந்துட்டேன்.”

நகலுக்குத் தான் நகல் என்று தெரியவில்லை. செத்த புள்ளைய நானே ஊரெல்லாம் அனுப்பி வெச்சிருக்கேன். நானெல்லாம் ஒரு அத்தா.

சாலிஹா என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். ஒவ்வொருத்தியிடமும் பேசினாள். மார்ச்சுக்குப் பிறகு அவள் இவ்வளவு பேசியதில்லை.

22 ஜூன்

ஒயரைப் பிடுங்கிவிட்டுத்தான் கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள்ளேயே போகிறேன்.

24 ஜூன், ஞாயிறு

நகலில் நின்றுவிட்டது. போட்டோ இருக்கிறது, எழுத்து இருக்கிறது, வாழ்த்து மட்டும் கிளம்பவில்லை. பரணி பக்கத்தில் உட்கார, அதையே நிஜத்திலும் மாற்றினேன். முடிக்கும் முன் பின்னாலிருந்து சாலிஹா, “இன்னிமே அவ யார்கிட்டயும் பேச மாட்டாளா?” என்றாள்.

அழுத்திவிட்டேன்.

15 ஜூலை, ஞாயிறு

பானு.

“அங்கிள், இன்னிக்கு எனக்கு பர்த்டே.”

நல்லா இரும்மா என்றேன். போனை வைக்க மாட்டேன் என்கிறாள்.

“மெயில் வரல அங்கிள்.”

“நிறுத்தியாச்சும்மா. நீதானே கேட்டே?”

“நாந்தான்... ஆனா காலைலேர்ந்து பாத்துக்கினே இருக்கேன். கேக்குகூட எடுத்து வெச்சிட்டேன்.”

பக்கத்தில் காதைக் கொடுத்துக்கொண்டிருந்த சாலிஹா உள்ளே போனாள். புர்காவோடு வந்தாள்.

“இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க? கெளம்புங்க.”

பஸ் மாறி, ரயில் ஏறிப் போய் வந்தோம். பானு வீட்டு அலமாரியில் தட்டுப் போட்டு மூடி ஒரு துண்டு கேக் இருந்தது. சாலிஹா உட்கார்ந்து, விரலில் ஒட்டிய கிரீம் வரைக்கும் முழுக்கச் சாப்பிட்டாள்.