பதிவு எண் வரும் வரை

கோவில்பட்டி,
லெந்து மூன்றாம் ஞாயிறு.

கர்த்தருக்குள் அன்பான சபிதாவுக்கு,

ஜேம்ஸ்ராஜ் எழுதுகிறேன். நானும் ரூபியும் இங்கே ஒருவழியாக நடமாடிக்கொண்டிருக்கிறோம். ராஞ்சிக் குளிர் விட்டுவிட்டதா, ஆஸ்டலில் போடுகிற கடுகெண்ணெய்க் குழம்பும் உன் வயிறும் சமாதானம் ஆகிவிட்டனவா என்று தெரிந்துகொள்ள ஆசை. தினமும்தான் போனில் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனை ரூபி பிடுங்கிக்கொள்கிறாள். அவள் கையிலிருந்து என் கைக்கு வரும்போது உனக்கு வார்டுக்கு நேரமாகிவிடுகிறது. அதோடு, இந்த விஷயத்தைப் போனில் சொன்னால் நீ அடுத்த ரயிலைப் பிடித்துவிடுவாய். எழுதினால் நான் யோசித்து எழுதலாம், நீயும் யோசித்துப் படிக்கலாம்.

முதலில் நல்ல செய்தி. ரூபிக்கு முன்பல் விழுந்துவிட்டது. அதை உனக்கு அனுப்ப வேண்டும் என்று பஞ்சில் சுற்றி வைத்திருந்தாள். தபாலில் பல் அனுப்பக் கூடாது என்று சட்டம் இருக்கிறது என்று சொல்லித் தப்பித்தேன். “அம்மா ஊருக்குப் போனதும் சட்டம், பல்லு அனுப்ப முடியாததும் சட்டம், யாருப்பா இந்தச் சட்டத்தப் போடுதா?” என்று கேட்கிறாள். வாய் அப்படியே உன் வாய்.

கடை மந்தம்தான். தையோடு வெள்ளாமை முடிந்தது. உளுந்தும் பாசியும் வீடு சேர்ந்துவிட்டன, மக்காச்சோளத் தட்டையையும் அறுத்துவிட்டார்கள். கரிசல் வெடித்து வாய் பிளந்து கிடக்கிறது. உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் இனிப் புரட்டாசியில்தான் வேலை. ஆனாலும் ஆள் வருகிறது. எல்லாம் உன்னைத் தேடித்தான். மாடிப்படிக் கதவு பூட்டியிருப்பதைப் பார்க்கிறார்கள். சும்மா திரும்பினால் யாராவது கவனித்துவிடுவார்களோ என்று கால் கிலோ கொத்தவரை விதை வாங்கிக்கொண்டு போகிறார்கள். இந்த வெயிலில் இவ்வளவு கொத்தவரை விதை விற்கிற கடை தமிழ்நாட்டிலேயே நம்முடையதாகத்தான் இருக்கும். உரக்கடைக்கு மேலே உனக்கு அறையா என்று நான் முதலில் சிரித்தேன். மனசு சரியில்லை என்று போகிறவனை ஊரே திரும்பிப் பார்க்கும், மருந்து வாங்கப் போகிறவனை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நீ சொன்னாய். நீ சொன்னது அப்படியே நடந்தது.

நம் சபைப் பெண்கள் ஐக்கியத்தார் மட்டும் பேருந்து நிலையத்தில் அந்தப் பிளெக்ஸை வைக்காமல் இருந்திருக்கலாம். பிரியத்தில்தான் வைத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. எம்.எஸ்சி. மனோதத்துவம் படித்தவளை ஒரே ராத்திரியில் ‘மனநல மருத்துவர் டாக்டர் சபிதா ஜேம்ஸ்ராஜ்’ ஆக்கிவிட்டார்கள். யாரோ படம் பிடித்து அனுப்ப, அதிகாரிகள் வந்து டெல்லிக் கவுன்சிலில் பதிந்த எண் எங்கே என்று கேட்க, அது வரும் வரை சிகிச்சை என்ற பெயரில் யாருக்கும் எதுவும் செய்யமாட்டேன் என்று நீ எழுதிக்கொடுத்தாய். முப்பத்தாறு வயதில், பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு, அந்த எண்ணுக்காக ராஞ்சி மனநல ஆஸ்பத்திரியில் இரண்டு வருடப் படிப்புக்குப் பெட்டி கட்டினாய்.

நீ கிளம்பின அன்று நான் போட்ட சத்தம் உனக்கு மறந்திருக்காது. விஷம் விற்பதற்கு எனக்கு லைசென்ஸ் கொடுத்து அதைக் கண்ணாடி போட்டு மாட்டச் சொல்கிறார்கள், ஒருவன் அழுவதைக் காது கொடுத்துக் கேட்க உனக்கு லைசென்ஸ் கேட்கிறார்கள், இது என்ன நியாயம் என்று கத்தினேன். நீ கோபப்படவில்லை. நீங்களும் ஒரு வருடம் வாராவாரம் மருந்துக்கடைக்காரர் வகுப்பில் உட்கார்ந்துதானே அதை வாங்கினீர்கள் என்று கேட்டாய். தெரியாதவன் மருந்து கொடுத்தால் பயிர் கருகும், தெரியாதவன் மனசுக்குள் கைவிட்டால் ஆளே கருகிப் போவான், அதனால் கேட்கட்டும் என்றாய். நான் வாயை மூடிக்கொண்டேனே தவிர ஒப்புக்கொள்ளவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பசுவந்தனை சிவனாண்டி அண்ணாச்சியைப் பற்றியது. செவ்வாய்க்கிழமை தோறும் மாடிக்கு வருவாரே, அவர்தான். அவருக்கு என்ன சங்கடம் என்று நீ சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. மாசி பிறந்த சமயத்தில் ஒரு நாள் வந்தார். மாடிப்படிப் பக்கம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேரே என்னிடம் வந்து பூச்சிமருந்து கேட்டார். எந்தப் பயிருக்கு என்று கேட்டேன். ஏதாவது ஒன்று கொடும் என்றார். அவர் காட்டில் ஒரு பச்சை கிடையாது என்பது எனக்குத் தெரியும். சரக்கு இல்லை, செவ்வாய்க்கிழமைதான் வரும் என்றேன். என் முதுகுக்குப் பின்னால் அலமாரி நிறைய அடுக்கியிருக்கிறது. அவர் அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். “அப்ப செவ்வாக்கெழம வாரேன் தம்பி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சொன்னபடி வந்தார். டீ வாங்கிக் கொடுத்து, காட்டுப்பன்றி செய்கிற அழிச்சாட்டியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, சரக்கு அடுத்த செவ்வாய்தான் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த செவ்வாயும் வந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நீ ராஞ்சி வரை போய்ப் படிக்கிறதை நான் ஒரு டீயில் சாதித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். நீ லீவுக்கு வரும்போது சொல்லிக் காட்ட வேண்டும் என்றுகூட இருந்தேன்.

அப்புறம்தான் பயம் வந்தது. கோவில்பட்டியில் நான் ஒருவனா கடை வைத்திருக்கிறேன்? கயத்தாறு வரைக்கும் எத்தனை கடைகள்! அந்த நினைப்பு வந்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. வியாபாரிகள் வாட்ஸாப் குழுவில் ஒரு வாய்ஸ் போட்டேன். பசுவந்தனை சிவனாண்டி என்று பெயர் சொல்லி, அவருக்கு யாரும் மருந்து கொடுக்காதீர்கள் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். ஆளுக்கு மனசு சரியில்லை, என் வீட்டுக்காரியிடம்தான் வந்துகொண்டிருந்தார் என்று அதையும் சொல்லித் தொலைத்தேன். நல்லது செய்கிற வேகத்தில் சொல்லிவிட்டேன் சபி.

மறுநாள் விடிவதற்குள் அது பசுவந்தனை போய்ச் சேர்ந்துவிட்டது. டீக்கடையில் ஒரு மருமகன் முறைக்காரன், “மாமா, ஒமக்கு எந்தக் கடையிலயும் மருந்து கெடையாதாமே, நெசமா?” என்று அத்தனை பேர் முன்னால் கேட்டுச் சிரித்திருக்கிறான். மாடியில் கேட்டது படியிறங்கக் கூடாது என்று நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். மாடியில் என்ன பேசினீர்கள் என்றே தெரியாத நான், அதைக் கொண்டுபோய்த் தெருவில் கொட்டிவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை அண்ணாச்சி வரவில்லை. அவர் வீட்டுக்குப் போக எனக்கு முகம் இல்லை. இன்று கோயிலில் உட்கார்ந்து நம் சபை ஐயர் செய்த பிரசங்கத்தில் ஒரு வார்த்தை காதில் விழவில்லை.

இதற்கு மேல் கை ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை

மேலே எழுதியதை அனுப்பாமல் வைத்திருந்தேன். பாதியில் அனுப்பினால் நீ பயந்துவிடுவாய். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், அண்ணாச்சி உயிரோடு இருக்கிறார்.

திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டுப் பைக்கில் பசுவந்தனை போனேன். அண்ணாச்சி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கூப்பிட்டும் திரும்பவில்லை. அவர் வீட்டம்மா அமுதவள்ளி மதினி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் உன்னிடம் வந்துகொண்டிருந்ததே ஊர் பேசித்தான் மதினிக்குத் தெரியும். “வாரந்தவறாம ஒரக்கடைக்குன்னு போயிட்டு வெறுங்கையோட வருதாவளே, எவளையும் வச்சிருக்காவளோன்னுல்லா நெனச்சேன்” என்று சொல்லி அழுதார்கள். நான் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு வீட்டில் பழைய மருந்து ஏதாவது கிடக்கிறதா என்று மதினியிடம் நேராகவே கேட்டேன். தொழுவத்தில் கிடந்தது. எல்லாவற்றையும் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டேன்.

கிளம்பும் முன் கட்டில் பக்கத்தில் போய் நின்று, நான் பேசினது தப்பு அண்ணாச்சி என்றேன். அவர் சுவரைப் பார்த்தபடியே, “சரக்கு இல்லன்னு நீரு சொன்ன பொய்ய வச்சுத்தான் தம்பி வாரா வாரம் ஓட்டிக்கிட்டு இருந்தேன். அதையும் ஊரறிய ஒடச்சிப் போட்டீரே” என்றார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

104 மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் போட்டு விவரம் கேட்டுக்கொண்டு, மதினி கெஞ்சி அவரைக் கிளப்ப, புதன்கிழமை மூன்று பேருமாக அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் நல்ல மனுஷன். அவசரப்படாமல் கேட்டார், மாத்திரை எழுதினார், ஆளைத் தனியாக விடாதீர்கள் என்றார். பேசுவதற்கு ஒரு பெண்ணிடம் அனுப்பினார். உன்னைவிடச் சின்னப் பிள்ளை. மேஜையில் அதன் பெயரும் பெயருக்குக் கீழே பதிவு எண்ணும் எழுதியிருந்தன. நானும் பெரிய மனிதனாட்டம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரப் போனேன். அந்தப் பெண் எழுந்து, மரியாதையாக என்னை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டது. மதினியைக்கூட அண்ணாச்சியிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே கூப்பிட்டது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, நீ அந்த எண்ணுக்காக அவ்வளவு தூரம் போனது ஏன் என்று எனக்கு விளங்கியது.

ஆட்டோவில் வரும்போது அண்ணாச்சி, “நல்ல புள்ளதான் தம்பி. ஆனா திரும்பவும் மொதல்ல இருந்து சொல்லுததுக்கு எனக்குச் சத்து இல்ல. நம்ம டீச்சரு எப்ப வருவாவ?” என்று கேட்டார். உன்னை டீச்சர் என்றுதான் சொல்கிறார். அடுத்த வருஷம் என்றேன். “அது வரைக்கும் பாக்கணுமே” என்றார். யாரைச் சொன்னார், என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. மாத்திரையை மதினி கையால் கொடுக்கிறார்கள், வாங்கிச் சாப்பிடுகிறார். அடுத்த புதனும் அந்தப் பெண் வரச் சொல்லியிருக்கிறது. நான் வண்டி கொண்டுவருகிறேன் என்றதற்குத் தலையாட்டினார்.

கடையில் நான் இப்போது வியாபாரம் செய்கிறேனா, விசாரணை செய்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. மருந்து கேட்கிற ஒவ்வொருவரிடமும் என்ன பயிர், எந்தக் காடு, வீட்டில் யார் யார் என்று துருவுகிறேன். நேற்று எலிமருந்து கேட்டு வந்த ஓர் அம்மா, “இது கடையா, போலீஸ் டேசனா?” என்று திட்டிவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டாள். விஷத்தின் கடுமைக்குத் தக்கபடி எந்த டப்பாவில் சிவப்பு முக்கோணம், எதில் பச்சை முக்கோணம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். வாங்க வருகிறவன் முகத்தைப் பார்க்கச் சொல்லித் தரவில்லை. கடையைப் பூட்டிவிட்டு வீடுவரை வந்து, திரும்பப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிறேன். அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று ரூபி கேட்கிறாள். ஒன்றும் இல்லை என்கிறேன்.

நீ வராதே சபி. வருகைப் பதிவு குறைந்தால் ஒரு வருடம் வீணாகிவிடும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். உனக்கு ஒரு வருடம் தள்ளிப்போனால் அண்ணாச்சிக்கும் தள்ளிப்போகும். அவரை நான் அவ்வளவு காலம் பார்த்துக்கொள்வேனா என்று எனக்குத் தெரியாது. அதனால் வராதே. டிக்கெட் பார்க்கவும் வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். குருத்தோலை ஞாயிறன்று அண்ணாச்சியையும் மதினியையும் நம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். அன்று மத்தியானம் நீ போன் செய், ஸ்பீக்கரில் போடுகிறேன். அவர் சங்கடத்தைப் பற்றி நீ ஒன்றும் கேட்க வேண்டாம். நீ எழுதிக்கொடுத்ததை மீறச் சொல்ல மாட்டேன், அந்தப் புத்தி எனக்கு வந்துவிட்டது. வயிறாரச் சாப்பிட்டீர்களா, நன்றாகத் தூங்குகிறீர்களா என்று மட்டும் கேள். வீட்டுக்கு வந்தவரிடம் வீட்டுக்காரி கேட்கிற கேள்விதானே. பாடம் எடுக்கிற உன் மேடத்திடம் முன்கூட்டிச் சொல்லிவிடு. அதற்கும் பதிவு எண் வேண்டும் என்று அவர்கள் சொன்னால் அதையும் விட்டுவிடு, ரூபியிடம் பேசிக்கொண்டிரு. உன் குரல் அவர் காதில் விழட்டும்.

கர்த்தர் உன் படிப்பையும் உன் கண்ணையும் தூக்கத்தையும் காத்து, உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக. ரூபி தன் முத்தத்தை இந்தக் காகிதத்தின் பின்பக்கம் வைத்திருக்கிறாள், ஈரம் காய்ந்த பிறகுதான் மடிக்கிறேன்.

அவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிப் போன பிறகும் நீ போனை வைத்துவிடாதே. அந்த இரண்டு கேள்வியையும் என்னிடமும் கேள்.

உன்,
ஜேம்ஸ்ராஜ்