வண்டு விழுந்த சரக்கு

மார்ச் 4

நான் சொல்கிறேன், வீட்டுக்காரி எழுதுகிறாள். எனக்குக் கைநாட்டோடு சரி. என் பேச்சில் பாதியை இவள் விழுங்கிவிடுவாள். விழுங்காதே என்று சொல்லியிருக்கிறேன். அதையும் எழுது என்றேன்.

இன்று வர்த்தகத் துறை அதிகாரி ஒருவர் வந்தார். கடலுக்கு அந்தப் பக்கத்து நாட்டோடு நாம் உறவு வைத்து ஐம்பது வருஷமாம். மழை பொய்த்த அந்த வருஷம் அவர்கள் அனுப்பிய முதல் பருப்புக் கப்பலில் மூட்டை இறக்கியவர்களில் நான் ஒருவன்தான் மிச்சம். மேடையில் ஒரு வரி சொல்ல வேண்டும். "பெரியவரே, 'முதல் மூட்டைய நான்தான் தூக்கினேன், பெருமையா இருக்கு.' அவ்வளவுதான். கூட ஒரு வார்த்தை வேண்டாம்."

எனக்கு அந்த நாட்டோடு வேறு உறவும் உண்டு. மகளை அங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறோம். இப்போது அவள் அந்த நாட்டுப் பிரஜை. மே மாதம் பேரனோடு வருகிறாள். அங்குள்ள நம் தூதரகம் விசா முத்திரை குத்தித் தர வேண்டும், அதுதான் பாக்கி. பேரனைப் போனில்தான் பார்த்திருக்கிறோம். அவனுக்குச் செருப்பு வாங்கி வைத்தாயிற்று.

மார்ச் 9

துறைமுகத்தில் அவர்களுடைய பருப்புக் கப்பல் நிற்கிறதாம். சரக்கில் வண்டு, இறக்க விடமாட்டோம் என்கிறார்கள் நம் ஆட்கள். விழா மட்டும் நடக்குமாம்.

மார்ச் 12

விழா. படம் எடுக்க மேடையில் ஒரு மூட்டை வைத்திருந்தார்கள். தொட்டுப் பார்த்தேன். உள்ளே பஞ்சு.

அதைப் பார்த்ததும் வாய் நிற்கவில்லை. "முதல் மூட்டை இப்படி இல்லீங்க. கனமா இருந்துச்சு. வண்டும் இருந்துச்சு. சலிச்சுத் தின்னோம்" என்றுவிட்டேன். மொழிபெயர்க்கிற பெண் அதிகாரியைப் பார்த்தாள். அதிகாரி தரையைப் பார்த்தார். பிறகு அவள் என்னவோ சொன்னாள். அந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் முகம் சுண்டிப்போயிற்று, நம்மவர்கள் முகமும்தான். என்னை முறைப்பதில் மட்டும் இரண்டு நாடும் ஒற்றுமை.

"உங்க வாய்க்கு ஒரு பூட்டு போட்டு, சாவிய நானே கடல்ல எறியணும்" என்றாள் இவள்.

மார்ச் 14

கப்பலைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பதிலுக்கு அவர்கள் தங்கள் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அங்கே நம் தூதரகமும் முத்திரை குத்தும் சன்னலை மூடிவிட்டது. மகள் பேசினாள்: "டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேன்பா."

என்னாலயா? நான் அந்த ஒத்த வரியோட நிறுத்தியிருந்தா? பேசாம இருக்கத் தெரியாதவன் எதுக்கு மேடை ஏறணும் - இவள் பேனாவை நிறுத்துகிறாள். எழுது.

மார்ச் 20

மனம் கேட்கவில்லை. அதிகாரியின் அலுவலகத்துக்கே போனேன். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

"உங்க பேச்சால இல்ல பெரியவரே. திருப்பி அனுப்புற உத்தரவுல விழாவுக்கு முந்தின வாரமே கையெழுத்தாயிருச்சு."

"அப்புறம் எதுக்குங்க விழா?"

"மண்டபம் புக் பண்ணியாச்சே."

டீயில் சர்க்கரை அதிகம். குடித்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 2

ஒன்றுமில்லை.

மே 18

மகள் பேசினாள். திரும்பிப் போன பருப்பை அங்கே அரசாங்கக் கடைகளில் மலிவாகத் தள்ளிவிடுகிறார்களாம். மகளும் ஒரு மூட்டை வாங்கிப் போட்டிருக்கிறாள். நம் துறைமுகம் வரை வந்து, கரை ஏறாமல் போன மூட்டை.

"வண்டு இருக்கா?"

"இருக்குப்பா. சலிச்சுக்கிட்டே தான் பேசுறேன்."

போனைச் சல்லடைப் பக்கம் வைக்கச் சொன்னேன். வைத்தாள். நானும் இவளும் சலிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். நடுவே பேரன் என்னவோ கேட்டான், அவர்கள் பாஷையில். அவளும் அதே பாஷையில் பதில் சொன்னாள். சன்னல் எப்போது திறக்கும் என்று நான் கேட்கவில்லை.

போனை வைத்ததும் இவள் உள்ளே போய்ச் செருப்புப் பெட்டியை எடுத்து வந்தாள். நாளைக்குக் கடையில் கொடுத்துப் பெரிய அளவாக மாற்றிக்கொண்டு வர வேண்டுமாம்.

ஓர் அளவு கூடவா, இரண்டு அளவு கூடவா என்று கேட்டேன். நான் சொல்வதையெல்லாம் எழுதுகிறாள். இதையும் எழுதிவிட்டு, பெட்டிக்குள் கடைச் சீட்டைத் தேடுகிறாள்.