அபாய அறிவிப்பில் சின்னவள்

ஜூன் 3

இன்று முழுக்க ஒரே அறிவிப்போடு மல்லுக்கட்டு. "கி.2" என்று எழுதினால் கணினி "கி புள்ளி இரண்டு" என்று வாசிக்கிறது. கிடங்கைக் குளிர்விக்கும் அம்மோனியா கசியும்போது புள்ளியை வைத்துக்கொண்டு யார் எங்கே ஓடுவது? உச்சரிப்புப் பட்டியலில் "ரெண்டாம் கிடங்கு" என்று சேர்த்தேன். உடனே சின்னவள் பேசினாள். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

இந்தக் குளிர்பதனக் கிடங்கின் ஒலிபெருக்கியில் இத்தனை வருடமும் பேசியது என் தங்கை சின்னவள்தான். போன வருடம் சாலை விபத்தில் போய்விட்டாள். அவள் பதிவுகளை வைத்து நிர்வாகம் இந்தக் கணினிக் குரலைச் செய்து வாங்கியிருக்கிறது. அம்மாவைக் கேட்டார்கள், யோசிக்காமல் சரி என்றாள். குரலைச் சீர்செய்யும் வேலை கண்ட்ரோல் ரூமில் இருக்கும் என் தலையில். வேறு யாரிடமும் கொடுக்க எனக்கும் மனம் வரவில்லை.

ஜூன் 5

வேகத்தைக் குறைத்தேன். சுருதியை ஒரு துளி ஏற்றினேன். இடத்தைச் சொல்வதற்கு முன்னால் அவள் ஒரு மூச்சு இழுப்பாள் — அங்கே சின்ன இடைவெளி வைத்தேன். இப்போது அவளேதான்.

ஜூன் 6

வாராந்திரச் சோதனை. சாலைக்கு அந்தப் பக்கம் எங்கள் குடியிருப்பு; அங்கும் ஒரு ஒலிபெருக்கி உண்டு. வீட்டுக்குப் போனால் அம்மா ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். "இன்னிக்கு நல்லா பேசினாடி," என்றாள்.

ஜூன் 11

நான் வைக்காத இடத்திலும் மூச்சு கேட்கிறது. அறிவிப்பு முடிந்த பிறகு. இன்னும் ஏதோ சொல்ல வருகிறவள் மாதிரி. பழைய பதிவுகளில் இருந்தது ஒட்டிக்கொண்டிருக்கும் என்கிறார் குரலைச் செய்துகொடுத்த பொறியாளர். இருக்கும். ஆனாலும் "என்னடி?" என்று கேட்டுவிட்டேன். பட்டப்பகல், பக்கத்து அறையில் ஆட்கள்.

ஜூன் 18

முன்கூட்டிச் சொல்லாமல் வைத்த பயிற்சி. யாரும் ஓடவில்லை. பேக்கிங் ஹாலில் பாதிப் பேர் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். பாதுகாப்பு அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏன்யா மரம் மாதிரி நிக்கிறீங்க?"

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்தான் சொன்னார்: "கடைசியில அந்தப் பொண்ணு ஏதாவது சொல்லுமே சார். அதான் நின்னோம்."

சொல்வாள். எந்தப் பயிற்சியானாலும் முடிவில் ஒரு கிண்டல் உண்டு. "செருப்பைத் தேடாதீங்க, நான்தான் ஒளிச்சு வச்சிருக்கேன்." "மேனேஜர் முந்திட்டாரு, மானத்தை வாங்காதீங்க." நான் அவளை அச்சு அசலாகக் கொண்டுவந்து நிறுத்தினேன். அவர்கள் மிச்சத்துக்குக் காத்து நிற்கிறார்கள்.

அறிவிப்பு கேட்டதும் வந்து கூட வேண்டிய மைதானத்தில், குடியிருப்பு ஆட்களுக்கு நடுவே அம்மாவைத் தேடினேன். வரவில்லை. ஜன்னலில் இருந்தாள்.

ஜூன் 19

நிஜமாகவே கசிந்தால்? அம்மா அந்த நாற்காலியில் —

ஜூன் 24

மாற்றிவிட்டேன். மென்பொருளோடு வந்த ஏதோ ஒரு பெண் குரல், நமக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வேகத்தைக் கூட்டினேன், இடைவெளிகளை எடுத்தேன், முடிந்ததும் பட்டென்று நிற்கும்படி வைத்தேன். ஆபத்து நீங்கியது என்கிற அறிவிப்புக்கு மட்டும் சின்னவளை விட்டுவைத்திருக்கிறேன். அப்போது நின்று கேட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அதை வாராந்திரச் சோதனையில் போடுவதில்லை.

ஜூன் 27

சோதனை முடிந்து வீட்டுக்குள் கால் வைத்ததும் அம்மா, "ரெண்டாவது தடவை அவளைக் கொன்னுட்டீங்க," என்றாள். "நீயுமா?" என்றாள் பிறகு.

நான் என்னதான் பண்றது. நீ ஜன்னல்லயே உக்காந்திருந்தா நான் என்னம்மா பண்றது. அவ போயாச்சு. நீயாவது இருக்க வேணாமா?

இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

ஜூலை 2

அம்மா தட்டை என் பக்கம் தள்ளுகிறாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

ஜூலை 9

கசிவு. பயிற்சி இல்லை, நிஜம். ரெண்டாம் கிடங்கில் குழாய் இணைப்பு விட்டுவிட்டது. கண்ணைத் திறக்க முடியாத நெடி. அந்த அந்நியக் குரல் ஈவிரக்கம் இல்லாமல் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது. எல்லாரும் ஓடினார்கள். ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

மைதானத்தில் எனக்கு முன்பே அம்மா நின்றிருந்தாள். ஒரு காலில் அவள் செருப்பு, மறு காலில் என்னுடையது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அந்தப் பொம்பள கத்துறது சகிக்கல. அதான் வந்துட்டேன்."

புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

வால்வை அடைத்து, காற்று தெளிந்து, சாயங்காலம் பாதுகாப்பு அதிகாரி தலையசைத்தார். கைப்பேசியிலிருந்தே அறிவிப்பைப் போட்டேன்.

"ஆபத்து நீங்கியது. எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்."

அம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். பிறகு ஒலிபெருக்கியில் அந்த மூச்சு.

மைதானத்தில் ஒருவரும் நகரவில்லை. நான் எழுதிக் கொடுத்தது அவ்வளவுதான், அதற்கு மேல் எதுவும் வராது என்று எனக்குத் தெரியும். நானும் நின்றுகொண்டிருந்தேன்.